கட்டிலுக்கடியில் அப்பா

குஞ்சிதபாதம் வாத்தியார் கட்டுரை நோட்டை மேசைமேல் விட்டெறிந்தார். எதிரே மைன்ஸ் தொழிலாளி ராயப்பனும் எட்டாவது படிக்கும் மகள் அம்சவல்லியும் நின்றார்கள். ராயப்பனுக்குத் தலை நிமிரவில்லை.

"வரிக்கு வரி காப்பி! சொந்தமா நாலு வரி எழுத வராதா?"

"இனிமே நடக்காதுங்க சார்," என்றார் ராயப்பன்.

"எழுதியிருக்கற லட்சணத்தைக் கேளு. 'என் அப்பா மைன்ஸில் வேலை செய்கிறார். ஷிஃப்டில் பாதி நேரம் தூங்குவார். அம்மா துடைப்பத்தை எடுத்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வார்.'"

ராயப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளை முறைத்தார்.

"என்னாடி இது? வூட்டு மானத்த இப்பிடியா எழுதி வச்சிருக்க?"

"யோவ், அவளை ஏன்யா அதட்டற? காப்பி அடிச்சது நீ!" வாத்தியார் சீறினார். "பர்மனெண்ட் ஆகணும்னு முதியோர் வகுப்புல சேர்ந்துட்டு, பொண்ணு நோட்டைப் பார்த்தா எழுதுவ? உங்கப்பா செத்து இருபது வருஷம். அப்ப ஏதுய்யா இங்க மைன்ஸ்?"

அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"காப்பிதான் அடிச்ச, ஒருவாட்டி படிச்சுப் பார்த்துட்டு அடிச்சிருக்கக் கூடாதாப்பா?"

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏம்மா காப்பி அடிக்கறேன்?" என்றார் ராயப்பன்.