நாக்கைத் தொங்கப் போட்ட கார்

“உங்க கார் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது பாருங்க, மருந்துக்கடைக்காரரே. கொஞ்சம் கரண்டு குடுங்கன்னு கெஞ்சுது.”

வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னா நின்றிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். தோளில் ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று சுருட்டித் தொங்கியது. அதன் முனையில் வெள்ளை டேப் ஒட்டி, பஸ் எண் 14 என்று எழுதியிருந்தது. டிரைவர்கள் ஒருவர் ஒயரை இன்னொருவர் சுட்டுவிடுவார்கள், அதற்காக.

டெஸ்மண்ட் தன் காரின் மூக்கிலிருந்து தொங்கிய பிளக்கை உள்ளே திணித்தார். எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் பிளக் அது. உள்ளூர் மெக்கானிக் வற்புறுத்தி மாட்டிவிட்டது.

“இது ஹைபிரிட், அம்மணி. உள்ளேயே பெரிய பேட்டரி இருக்கு. உங்க பஸ் மாதிரி ராத்திரி முழுக்க எஞ்சினுக்கு ஒத்தடம் குடுக்க வேண்டாம்.”

“ஏன், பேட்டரிக்குக் குளிராதா? ஹைபிரிட்லயும் எஞ்சின்னு ஒண்ணு இருக்கில்ல? மைனஸ் நாப்பதுல ஆயில் களி மாதிரி ஆயிடும்.”

“விக்டோரியாவுல ஏழு வருஷம் ஓட்டினேன். ஒரு நாள்கூடச் சொருகினதில்லை.”

“அந்த ஊர்ல பிப்ரவரியிலேயே பூ பூக்குமாமே! அங்க சைக்கிளுக்குக்கூடச் சளி பிடிக்காது.”

டெஸ்மண்ட் அந்தக் கடற்கரை ஊரை விட்டு, கனடாவின் நடுவில் பனியில் கிடக்கும் எங்கள் யார்க்டனுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் மைனஸ் இருபது வரைக்கும் யாரும் அதைக் குளிர் என்று சொல்வதில்லை. அதற்குக் கீழே போனால் ராத்திரி வண்டியை ஒயரால் வீட்டுக் கரண்டில் சொருகுவோம். காலையில் பிடுங்க மறந்துபோய், ஒயரை வால் மாதிரி இழுத்துக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போவோம். நான் அப்படிப் போனது இரண்டு முறைதான். என் மனைவி நாலு என்பாள்.

“பந்தயமா?” என்றார் டெஸ்மண்ட். “நாளையிலேருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாள். தினமும் காலையில ஆறரை மணி, நீங்கதான் சாட்சி. சொருகாமலே வண்டியை எடுத்துக் காட்டறேன்.”

“எடுக்கலேன்னா?”

“ஏப்ரல் வரைக்கும் உங்க வாசல் பனியை நான் வாரறேன்.”

“நீங்க வாரறதைப் பார்த்திருக்கேன். பனியே பாவப்பட்டுத் தானா உருகிடும். சரி, எடுத்துட்டா?”

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்டோபரிலிருந்து ஒத்திகை பார்த்த கேள்வி. மருந்துக்கடைக்கு வெர்னா வரும்போதெல்லாம் கேட்க வாயைத் திறப்பார். வெளியே வருவதென்னவோ “பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க” என்பதுதான்.

“வெள்ளிக்கிழமை... சர்ச் ஹால்ல பெரோகிக் கொழுக்கட்டைச் சாப்பாடு. அப்புறம் டான்ஸாம். நீங்க என்கூட வரணும்.”

வெர்னா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வானிலை அறிக்கை கேட்டீங்களா? வாரம் பூரா மைனஸ் நாப்பதாம். எதுக்கும் நல்ல மண்வெட்டியா ஒண்ணு வாங்கி வைங்க.”

அன்று டெஸ்மண்டுக்குத் தூக்கம் வரவில்லை. பேசாமல் சொருகிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தார். வார்த்தை கொடுத்தாயிற்றே என்று இரண்டு தடவையும் படுத்தார்.

திங்கள் காலை பட்டனை அழுத்தினார். கார் பூனை மாதிரி எழுந்துகொண்டது. இரண்டே நிமிடத்தில் உள்ளே வெந்நீர் ஆவி போலச் சூடான காற்று.

“பார்த்தீங்களா!”

“புதுசுல எல்லாம் அப்படித்தான்,” என்றார் வெர்னா, கொட்டாவி விட்டபடி.

“ஏழு வருஷ வண்டிங்க!”

செவ்வாயும் எழுந்தது. மைனஸ் நாற்பத்தொன்று அடித்த புதன்கிழமையும் எழுந்தது. ஊரில் பாதி வண்டிகள் முனகிக்கொண்டிருந்தபோது டெஸ்மண்டின் கார் மட்டும் சிரித்துக்கொண்டு போயிற்று. மருந்து வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து அவர் ஹைபிரிட்டின் பெருமையைச் சொன்னார். இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் இருமலையே மறந்துவிட்டார்.

“ஒண்ணுதான் புரியலை,” என்றார் டெஸ்மண்ட் வியாழக்கிழமை. “பேப்பர் போடறவன் என் காரைச் சுத்திச் சுத்தி நடந்திருக்கான். பனியெல்லாம் பூட்ஸ் தடம்.”

“ஹைபிரிட்டைப் பார்த்திருக்க மாட்டான், பாவம்,” என்றார் வெர்னா, மறுபடியும் கொட்டாவி விட்டு.

வெள்ளி காலையும் கார் எழுந்தது. பந்தயம் முடிந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கே வந்து காரை நிறுத்திவிட்டு, டெஸ்மண்ட் முகத்தை இரண்டு முறை சவரம் செய்தார். ஆறரைக்கு வெர்னா நீலக் கவுனும் உதட்டுச் சாயமுமாக வந்தபோது அவர் கதவைத் திறந்துவிட மறந்து நின்றார்.

“கதவை நானே திறந்துக்கணுமா? தோத்தவங்களுக்கு இவ்வளவுதான் மரியாதையா?”

கார் நகர்ந்தது. பத்தடி போனதும் பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். தெருமுனை வரைக்கும் ஏதோ சரசரவென்று தரையில் தேய்ந்துகொண்டே வந்தது.

“ஹைபிரிட் சத்தமே போடாதுன்னீங்களே?”

டெஸ்மண்ட் நிறுத்திவிட்டு இறங்கினார். காரின் மூக்கிலிருந்து தொடங்கி, அடிவயிறு வழியாகப் பின்னால் முப்பதடி நீளத்துக்கு ஆரஞ்சு நிற ஒயர் பனியில் கிடந்தது. முனையை எடுத்து, பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை டேப். அதில் எண் 14.

கார் ஜன்னல் கண்ணாடி மெதுவாக இறங்கியது.

“அஞ்சு நாளா விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து வந்து பிடுங்கினவளுக்கு, இன்னிக்குன்னு பார்த்து, சாயங்காலம் சொருகினது உதட்டுச் சாயத்துல மறந்துபோச்சு,” என்றார் வெர்னா. “சீக்கிரம் சுருட்டிக்கிட்டு வாங்க, பசிக்குது. உங்ககிட்ட தோத்துப்போறது லேசுப்பட்ட வேலைன்னா நினைச்சீங்க?”