பொங்கலுக்குள் பூசியாக வேண்டும்

ஆவுடைநாயகத்தின் செங்கல் வீட்டு முகப்பில் பெயிண்டர் வீரபாகு மூன்று நிறம் பூசிக்காட்டினான். மூன்றும் அவர் கௌரவத்துக்குப் போதவில்லை.

"ஏலே, தென்காசியே திரும்பிப் பாக்கணும். செங்கலுக்கு நல்ல சிவப்பு, இடைக்கோட்டுக்கு வெள்ளை, ஜன்னலுக்கு மினுங்குத வார்னிஷ். பொங்கலுக்குள்ள முடி."

மகன் பட்டாளத்தில் இருக்கும் பவுசு என்று வீரபாகு மனதுக்குள் சிரித்தான்.

"சுவரு ஈரம் காயல, அண்ணாச்சி. இப்ப அடிச்சா உரிஞ்சிரும். மாசியில அடிப்போம்."

"உரிஞ்சா உரியட்டும்லே."

"யாருக்குக் காட்ட இம்புட்டு அவசரம்?"

உள்ளே நெஞ்சுவலியோடு மனைவி சண்முகசுந்தரி படுத்திருந்தாள். ஆவுடைநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குத்தான். பையன் லடாக்குல போயிட்டாம்லே. தந்தி வந்து நாலு நாளாச்சு. எழவு வீட்டுக்கு யாரும் பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டாங்கள்லா? அடிக்கலன்னா அவ கண்டுபிடிச்சிருவா."