நடுவில் ஓடிய கேபிள்

ரிவர்ஸ் கியர் விழாமல், பழைய மோட்டார் படகு படகுத்துறையில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது.

"பின்னால போகச் சொன்னேனே, அந்தக் கியர்பாக்ஸ் கேட்டானா?" என்று, தங்கள் இருவரையும் இணைத்து நடுவில் ஓடிய கேபிளிடம் சீறியது கியர் கைப்பிடி.

"சொன்னேன். உன்னை ஒரு ஆளாவே அவன் மதிக்கலை."

படகின் பின்பக்கத்தில் இருந்த கியர்பாக்ஸ் குழம்பியது. "கைப்பிடி ஒண்ணுமே சொல்லலையே?"

"வேணும்னேதான் சொல்லலை. பழி உன் மேல விழட்டும்னு" என்று அதனிடமும் ஓதியது கேபிள்.

மெக்கானிக் லூர்து கைப்பிடி, கியர்பாக்ஸ் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். பழுதில்லை. கேபிளை உருவினார். உள்ளே ஒரே துரு.

"அட, நீதானா!" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் கேபிளை மாட்டினார்.

அவர் கரையேறியதும் கைப்பிடி புதுக் கேபிளிடம் கிசுகிசுத்தது: "என்னைப் பத்தி அந்தக் கியர்பாக்ஸ் என்ன சொல்றான்?"