பாதி வெட்டிய செடி

“பிரிஞ்சாங் பாசார் மாலாமுக்குன்னா மட்டும் இந்தக் காலு தானா ஓடும்லா,” என்று இரவுச் சந்தையைச் சொல்லிச் சீண்டினாள் மகள் துளசி.

ஆண்டியப்பனுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. தேயிலை நிரைகளுக்கு நடுவே கைத்தடியை ஊன்றி, வலது காலை இழுத்து வைத்தார்.

இன்னும் கொஞ்சம்தான். மேட்டைத் தாண்டினால் அந்தச் செடி.

சில மாதங்களுக்கு முன், தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் விழுந்தார். ஒரு செடியில் பாதியை வெட்டி முடித்திருந்தார். கத்தி கையிலிருந்து நழுவியது. உடம்பின் வலப் பக்கம் அவர் பேச்சைக் கேட்காமல் போனது.

ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கஞ்சியைத் தொடவில்லை. கை கால் அசைக்கச் சொல்லிக்கொடுக்க வந்த தாதி மிஸ்ஸியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி எழுந்து என்ன செய்ய என்று ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு பேசவே இல்லை.

துளசி அவர் காதருகே குனிந்து, அந்தச் செடி இன்னும் அப்படியே நிற்கிறது என்றாள்.

அந்த மலையில் கவாத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கத்தி வைத்த செடியை இன்னொருவர் தொடமாட்டார். தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். கங்காணி சுப்பிரமணியமும், ஆண்டியப்பன் வரட்டும், அதுவரை யாரும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாராம்.

மறுநாள் ஆண்டியப்பன் கஞ்சி கேட்டார்.

வீட்டுக்கு வந்தபின், கட்டிலிலிருந்து வாசல். வாசலிலிருந்து குழாயடி. குழாயடியிலிருந்து கொழுந்து லோரி நிற்கும் மண் ரோடு. விழுந்தாலும் எழுந்தார். செடி நிற்கிறதே.

இன்று மேட்டையும் தாண்டிவிட்டார்.

அன்று வெட்டிய நிரைகளெல்லாம் மறுபடி தழைத்துப் பச்சையாகக் கிடந்தன. நடுவில் அது மட்டும் ஒரு பக்கம் அடர்ந்து, மறுபக்கம் மொட்டைக் குச்சிகளாக நின்றது.

துளசி பையிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்து நீட்டினாள்.

அவர் உடனே வாங்கவில்லை. இடது கையால் ஒரு குச்சியின் வெட்டுவாயைத் தடவினார்.

மாதக்கணக்கானால் வெட்டு சாம்பல் நிறமாகிவிடும். பக்கத்தில் துளிர் கிளம்பியிருக்கும். இது வெள்ளையாக இருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. பட்டை நார்நாராகக் கிழிந்திருந்தது. கத்தி பிடித்துப் பழகாத கை வெட்டியது.

பழக்கத்தையும் மீறி, அவருடைய செடியை யாரோ அன்றைக்கே முடித்துவிட்டிருக்கிறார்கள்; அது தழைத்த பிறகு, நேற்றோ இன்றோ வேறு யாரோ மறுபடி பாதியை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

துளசியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பி, யாரும் கேட்காத கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆண்டியப்பன் கத்தியை இடது கையால் வாங்கினார். ஒரே ஒரு கிளையை, சாய்வாக, சுத்தமாக வெட்டினார். கத்தியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“மிச்சம் நெறையக் கெடக்கு புள்ள,” என்றார். “நாளைக்கும் வரணும்.”