முகத்தில் விழுந்த துணி

"இன்னிக்கும் அந்த ஆள் என் மூஞ்சியில துணியைப் போட்டா, நான் பாதி விருந்துல எழுந்து போயிடுவேன்" என்றாள் கென்ட்ரா.

"நீ சும்மா இரு. நான் பேசிக்கிறேன்" என்றாள் விருந்தை நடத்தும் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் பெவர்லி.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை மதியம் 'அதிபர் விருந்து' நடக்கும். ஊர்க்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க அதிபர் மெக்கின்லியாக வேஷம் கட்டுவார். ஒரு பெண் அவர் மனைவி ஐடாவாக வருவாள். வந்தவர்கள் சாப்பிடச் சாப்பிட, அதிகம் பேருக்குத் தெரியாத அவர்கள் கதைகளை எடுத்துவிடுவார்கள்.

இந்த வருஷ ஐடா கென்ட்ராதான். அதிபர், இரும்புக்கடை வெர்னன். கிழவருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

பெவர்லி நேரே அவரிடம் போனாள். "வெர்னன், இன்னிக்கு நீங்க அவளுக்கு எதிர்ல உட்காருங்க. அதுதான் அரசாங்க விருந்து முறை."

"மெக்கின்லி அந்த முறையை மீறிப் பொண்டாட்டி பக்கத்துலதான் உட்கார்ந்தார். நானும் அங்கதான் உட்காருவேன்."

"போன வருஷம் ஜோஆன் ஐடாவா நடிச்சப்ப எதிர்லதானே உட்கார்ந்தீங்க? துணி, கிணி ஒண்ணும் போடலையே! சின்னப் பொண்ணு வந்ததும் வாராவாரம் ஆரம்பிச்சுட்டீங்க. ஊர் என்ன பேசுதுன்னு தெரியுமா?"

"ஊருக்கு வாய் வலிக்கட்டும்" என்று வெர்னன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

கென்ட்ராவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சலுக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அந்த ஐடாவைப் போலவே அவளுக்கும் வலிப்பு உண்டு. கண் நிலைகுத்தி, வாய் கோணி, ஒரு நிமிஷம் ஆளே இல்லாமல் போய்விடுவாள். முன்பு வேலை பார்த்த ஓட்டலில் எல்லோர் எதிரிலும் அது வந்தது. மறுநாளிலிருந்து அத்தனை பேரும் அவளைப் பார்த்த பரிதாபப் பார்வை தாங்காமல், வேலையே வேண்டாமென்று வந்துவிட்டாள். இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

விருந்து ஆரம்பித்தது. வெர்னன் பிடிவாதமாக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"ஐடா அம்மா சும்மா இருந்ததே இல்லை. ஆயிரக்கணக்குல கம்பளிச் செருப்பு பின்னி, தர்மத்துக்குக் கொடுத்தாங்க" என்று அவர் சொல்ல, கென்ட்ரா சூப்பில் கரண்டியை விட்டாள்.

அப்புறம் ஒன்றும் நினைவில்லை.

நினைவு திரும்பியபோது கண்ணெதிரே ஒரே வெள்ளை. முகத்தில் துணி. நாக்கில் அந்தப் பழைய கசப்பு. வந்துவிட்டது! எல்லோரும் பார்த்திருப்பார்கள். போச்சு, இந்த ஊரும் போச்சு.

"...இப்படித்தான்" என்று வெர்னனின் குரல் கேட்டது. "அந்தம்மாவுக்கு விருந்து நடுவுல வலிப்பு வந்தா, அதிபர் துணியால முகத்தை மூடிட்டு, அவர் பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாராம். பார்க்கிறவங்களுக்குக் கல்நெஞ்சம்னு தோணும். நீங்க ஏன் கரண்டியைக் கீழ வச்சீங்க? சூப் ஆறுது, சாப்பிடுங்க!"

சிரிப்பு. தட்டுச் சத்தம். காதருகே மெதுவாக, "அவசரமே இல்லேம்மா. முடியறப்ப எடு" என்றார்.

கென்ட்ரா துணியை எடுத்தாள். யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை. எதிரே இருந்த அம்மாள், "அந்த வெண்ணெயைக் கொஞ்சம் தள்ளும்மா. கை நடுங்கின மாதிரி செஞ்சியே, பிரமாதம்!" என்றாள்.

கென்ட்ராவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. வெண்ணெயைத் தள்ளிவிட்டு, சிரித்தும்விட்டாள்.

விருந்து முடிந்ததும் பெவர்லி சீறினாள். "சொல்லியும் கேட்கலைல்ல? அடுத்த வாரம் வேற அதிபரைப் பார்த்துக்கிறேன்!"

"வேண்டாம் பெவர்லி, அவரே இருக்கட்டும்" என்றாள் கென்ட்ரா அவசரமாக.

பெவர்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

கோட் மாட்டிக்கொண்டிருந்த வெர்னனிடம் கென்ட்ரா கேட்டாள். "எப்படித் தெரியும் சார்?"

"முதல் ஒத்திகையில உன் கரண்டி வாய்க்குப் போற வழியில அப்படியே நின்னுடுச்சு. என் தங்கச்சிக்கும் அப்படித்தான் நிக்கும்."

"அது சரி, எனக்கு ஒண்ணும் வராத வாரமெல்லாம் எதுக்கு மூடினீங்க? நானும் திட்டினேன், ஊரும் ஏசிச்சு..."

வெர்னன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"வராதப்பவும் மூடினாத்தானேம்மா, வர்றப்ப யாருக்கும் தெரியாது?"