செவலையனைத் தேடி வந்தவர்

"குதிரைய எறக்க என்ன அவசரம் அண்ணாச்சி? மொத உள்ள வாங்க. வெயிலு கொளுத்துது."

சோலைமலை சொன்னதும் மாரிசாமி சரியென்று தலையாட்டினார். படுதா போட்டு மூடிய லோடு வண்டியை வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். முன்பு கூட வந்த டிரைவரை இன்று காணோம். அவரே ஓட்டி வந்திருந்தார்.

"அதுவும் சரிதான். அவசரமில்ல," என்றபடி உள்ளே வந்தார்.

காரியாபட்டியிலிருந்து உள்ளே தள்ளி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் சோலைமலையின் வீடு. ரோட்டோரத்தில் 'ஆண் குதிரை சேர்க்கைக்கு உண்டு' என்று ஒரு தகரப் பலகை. அதைப் பார்த்துப் பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அந்த ஆண் குதிரை செவலையனோடு சேர்க்கை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். குட்டி போட்டதா என்று சோலைமலை பிறகு போன் செய்து கேட்டால், "ஆங், போட்டுருச்சு" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். மனைவி வெள்ளைத்தாய் போன பிறகு அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

மாரிசாமி அப்படி இல்லை. திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருப்பவர். முதல் தடவை வந்தபோது, காரியம் முடிந்த பிறகும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசிவிட்டுத்தான் போனார். பேத்தி பிரீத்திகா ஆசைப்பட்டுக் கேட்டாளென்று வாங்கிய குதிரையாம், மல்லி. பேத்தி படிக்க வெளிநாடு போய்விட்டாள். குதிரைக்கு அவரும் அவருக்குக் குதிரையும் என்று ஆகிவிட்டது.

"அயிரை மீன் கொளம்பு வச்சிருக்கேன். கையக் களுவிட்டு உக்காருங்க."

"நீங்களேவா வச்சீக?"

"வேற யாரு இருக்கா இங்கன?"

மாரிசாமி பிசைந்து பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். சோலைமலை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"காலண்டர் சீசனாச்சே. பிரஸ்ல வேலை இல்லையாக்கும்?"

"அம்புட்டு ஆர்டர் கெடக்கு. ஆனா மகன் மகேசு, 'நீங்க எதுக்குப்பா செரமப்படுறீங்க, வீட்ல இருங்க'ங்கான். போன வாரம் போனேன். நான் உக்காருற எடத்துல கட்டுக்கட்டா பேப்பர அடுக்கி வச்சிருக்காக. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்."

"எம்மகன் அருள்பாண்டி திருப்பூருல இருக்கான். செவலையன வித்துட்டு அங்கன வந்துருங்கான். அவனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா, பூட்டுன வீட்டுக்குள்ள நான் யாருகிட்ட பேச?"

இருவரும் சிரித்தார்கள்.

கொட்டகையில் செவலையன் சோளத்தட்டையை மென்றுகொண்டு நின்றான். பெட்டை வந்தால் கனைத்துக் கொட்டகையையே அதிர வைக்கிறவன், இன்று தலையைக்கூடத் திருப்பவில்லை. விஷயம் அவனுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் சோலைமலை.

சினை பிடித்ததா என்று பார்க்க மாரிசாமி இரண்டாம் தடவை மல்லியைக் கூட்டி வந்தபோது, அவள் காதை மடக்கிக்கொண்டு செவலையனை எட்டி உதைத்தாள். அண்டவே விடவில்லை. அப்போதே சோலைமலைக்குப் புரிந்துவிட்டது, சினைதான். ஆனால், "பருவம் வரல அண்ணாச்சி, இன்னொரு வாட்டி கொண்டாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னால் மற்றவர்களைப் போல இவரும் வரமாட்டாரே.

அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. திருத்தங்கலிலிருந்து இங்கே வரைக்கும் குண்டும் குழியுமான ரோடு. வயிற்றில் குட்டியோடு அந்த வாயில்லா ஜீவன் வண்டியில் குலுங்கிக்கொண்டு வரும். ஏதாவது ஆகிவிட்டால்?

கை கழுவிவிட்டு வந்த மாரிசாமி மறுபடி கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"எறக்கிப் பாத்துருவமா அண்ணாச்சி?" என்று மனசில்லாமல் கேட்டார் சோலைமலை.

"பாக்கலாம், பாக்கலாம். ஒரு வாய் காப்பி கெடைக்குமா?"

காப்பி வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். மக்காச்சோளத்தில் விழுந்திருக்கும் புழுவைப் பற்றிப் பேசினார்கள். வேப்பமரத்து நிழல் நகர்ந்து வண்டியின் மேல் வெயில் விழுந்தது. அதற்கு மேல் சோலைமலையால் முடியவில்லை.

"அண்ணாச்சி, மல்லிய எறக்க வேணாம்."

"ஏன்?"

"அது சினையா இருக்கு. போன வாட்டியே எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன்." வண்டியைப் பார்த்தார். "சொன்னா நீங்க வர்றது நின்னு போயிருமேன்னு சொல்லாம விட்டுட்டேன். வயித்தோட இருக்கிறத அலைய வச்சது பாவம். பைய ஓட்டிட்டுப் போங்க. இனிமே அதக் கூட்டிட்டு வராதீக."

மாரிசாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றே நினைத்தார் சோலைமலை. என்ன சொல்லி நிறுத்துவதென்று தெரியாமல் பின்னாலேயே போனார்.

மாரிசாமி வண்டியில் ஏறவில்லை. பின்பக்கமாகப் போய்க் கயிற்றை அவிழ்த்துப் படுதாவை விலக்கினார்.

உள்ளே குதிரை இல்லை.

"டாக்டர் ஸ்கேன் பண்ணி நேத்தே சொல்லிட்டாரு, அலைக்களிக்கக் கூடாதுன்னு," என்றார் மாரிசாமி, சோலைமலையின் முகத்தைப் பார்க்காமல். "சும்மா வந்தா, எதுக்கு வந்தீகன்னு கேட்டுருவீகளோன்னு பயந்துக்கிட்டுத்தான், வெறும் வண்டிக்குப் படுதாவ இளுத்துக் கட்டிட்டு வந்தேன்."