வாய் திறக்காத எம்.எல்.ஏ.

எம்.எல்.ஏ. தனகோடியைக் காரை விட்டு இறங்கவே விடவில்லை முனியம்மா.

"இன்னாத்துக்கு வந்தே? ரேஷன் கடை தொறக்கவா? அங்க சட்டசபையில வாயத் தொறந்தியா நீ?"

கடப்பாக்கத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது. போன மார்கழியில் முதல் வரிசை வீடுகள் அத்தனையும் கடலோடு போய்விட்டன. இப்போது அலைக்கும் முனியம்மா வீட்டு வாசலுக்கும் நடுவே இருபதடிதான். அடுத்த மழைக்குள் கடலில் கல்லைப் போட்டுத் தூண்டில் வளைவு கட்டாவிட்டால் அந்த வீடும் இல்லை. மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல் போட்டதாகக் கணக்கு மட்டும் நிறைய இருந்தது.

நேற்றுதான் சட்டசபையில் அந்தப் பேச்சு எழுந்தது. எடுத்தவர் கன்னியாகுமரிப் பக்கத்து எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஜெபக்குமார். அமைச்சரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"நானூறு லோடு கல் கொட்டியதாகச் செலவு எழுதியிருக்கிறீர்கள். வந்தது தொண்ணூறு லோடு. மீதி எந்தக் கடலில் கிடக்கிறது?"

அமைச்சர் தாளைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார். கடைசியில், மழைக்கு முன்பே வேலை தொடங்கும் என்று சபையிலேயே வாக்குக் கொடுத்தார். அவைக்குறிப்பில் ஏறிவிட்ட வாக்கு. இனி மாற்ற முடியாது.

பக்கத்து வீட்டு ஆனந்தன் அந்த வீடியோவைக் குப்பம் முழுக்கக் காட்டிவிட்டான். ஆளும் கட்சி வரிசையில் தனகோடி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"எங்கியோ கீற மனுசன் எங்க வூட்டுக்காகக் கேக்கறாரு. இதோ பக்கத்துல கீற படாளத்துல பொறந்துட்டு நீ சும்மா குந்திகினு கீற. வெக்கமா இல்ல?"

"அதான் அமைச்சர் செய்யறேன்னு சொல்லிட்டாரேம்மா" என்றார் தனகோடி.

"அவரு கேட்டாரு, செய்யறேன்னாங்க. நீ இன்னா கேட்ட?"



காரில் அவர் பக்கத்தில் இருந்த ஒன்றியச் செயலாளர் பக்தவத்சலம் சிரித்தார். கல் கொட்டிய காண்ட்ராக்ட் அவருடைய மச்சானுடையது என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணன் கட்சிக்கு விசுவாசமான ஆளும்மா. நம்ம அமைச்சரை நாமே கேள்வி கேட்டா அது துரோகம். எவனோ ஆபீஸ்ல கீறவன் கணக்கை எடுத்து வெளிய குடுத்துட்டான். எவன்னு மட்டும் தெரியட்டும், தலைமைக்குச் சொல்லி உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

பெண்கள் காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆனந்தா, அந்த ஜெபக்குமாருக்கு போன் போடு. இந்தாளு எதுருலயே அவருக்கு நன்றி சொல்றேன்."

சட்டசபை வெப்சைட்டில் நம்பர் இருந்தது. ஆனந்தன் போட்டுக் கொடுத்தான்.

"அவரை எதுக்கும்மா இப்ப தொந்தரவு பண்ணிகினு..." என்று தனகோடி கார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். பொறாமையைப் பாரேன் என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

முனியம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஐயா, கடப்பாக்கத்துக் குப்பத்துலேர்ந்து பேசறேன். நீங்க நல்லா இருக்கணும். எங்க வூட்டைக் காப்பாத்திக் குடுத்தீங்க. எங்களுக்குன்னு ஒருத்தரு கீறாரே, அவரு தண்டம். காரை மறிச்சிகினு குந்திகினு கீறோம். ராஜினாமா பண்ணாத உட மாட்டோம்."

அந்தப் பக்கம் ஜெபக்குமார் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நான் பேசுறது பக்கத்துல யாருக்கும் கேக்குதா?"

"இல்ல, சொல்லுங்க."

"நான் உங்க ஊரைப் பார்த்ததுகூட கிடையாதும்மா. குவாரி குவாரியா அலைஞ்சு லோடு கணக்கை எடுத்ததும், கேள்வியை எழுதி என் கையில தந்ததும் உங்க தனகோடிதான். அவரு கேட்டா 'பரிசீலிக்கிறோம்'னு ஒரே வார்த்தையில உக்கார வச்சிருவாங்க. நான் கேட்டாத்தான் பத்திரிகைக்குப் பயந்து வாக்குக் கொடுப்பாங்க. இது வெளிய தெரிஞ்சா கட்சியில அவரு கதை முடிஞ்சுது. நன்றியை மனசுல வச்சுக்கிட்டு அவரை விட்டுருங்க தாயி."

அவர் போனை வைத்துவிட்டார். முனியம்மா அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லையே இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னா சொல்றாரு?" என்று பக்தவத்சலம் காரை விட்டு இறங்கி வந்தார். "கணக்கு எவன் குடுத்தானாம்? பேரைச் சொன்னாரா?"

தனகோடியின் முகம் வெளுத்துவிட்டது. கும்பல் மொத்தமும் முனியம்மாவையே பார்த்தது.

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள்.

"இன்னா சொல்லுவாரு? உங்க எம்மெல்லே ஒண்ணுத்துக்கும் ஒதவாத ஆளுன்றாரு. எய்ந்திரிங்கடி எல்லாரும், இந்த ஊமையாண்ட நமக்கு இன்னா பேச்சு? வயிய உடுங்க, போய்த் தொலையட்டும்."